மெடோராவிலிருந்து ஃபோர்ட் யூனியன்: அவ்வளவு தூரம் சுற்றிப் போய்ப் பார்க்கலாமா?

மினியாபோலிஸ் மீனா எழுதியது:

வணக்கம். ஜூலை முதல் வாரத்தில் காரில் வடக்கு டக்கோட்டா போகிறோம். நாங்கள் இருவர், ஒன்பது வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார் என்று ஐந்து பேர். மெடோராவில் இரண்டு இரவு தங்கி, தியடோர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்காவைப் பார்ப்பதுதான் திட்டம். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வடக்கே, மொன்டானா எல்லையை ஒட்டி, ஃபோர்ட் யூனியன் டிரேடிங் போஸ்ட் என்ற இடம் கண்ணில் பட்டது. பழைய வணிகக் கோட்டையைத் திரும்பக் கட்டி, உள்ளே சின்ன அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்களாம். மெடோராவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் போலிருக்கிறது.

மகள் பள்ளியில், மிசூரி ஆற்றோடு இந்தப் பக்கமாக மேற்கே ஆராயப் போன லூயிஸ், கிளார்க் பயணத்தைப் படித்திருப்பதால் போக வேண்டும் என்கிறாள். என் கணவர் படங்களைப் பார்த்துவிட்டு, "சினிமா செட் மாதிரி இருக்கிறதே" என்கிறார். மாமனாருக்கு எழுபத்தொன்று வயது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், தொழிற்சங்கக்காரர். உடம்பு நன்றாக இருக்கிறது, ஆனால் பொறுமை கிடையாது. போன மாதம் ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனபோது, "உடைந்த சட்டியைப் பார்க்கவா இத்தனை மைல்?" என்று கேட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமியாருக்கு முட்டிவலி.

போய்ப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? சாப்பாட்டுக்கு என்ன வழி?


சாலைப்பித்தன் எழுதியது:

போகாதீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் போய் ஏமாந்தவன் நான். வெட்டவெளியில் வெள்ளையடித்த ஒரு வேலி, நடுவில் ஒரு கொடிக்கம்பம், ஓரத்தில் ஒரு வீடு. எல்லாம் 1980களில் கட்டியது. புத்தம்புது மரத்தைப் பார்த்து வரலாறு என்று எப்படி மெய்சிலிர்ப்பது? போதாக்குறைக்கு, என் கைபேசி மணி நான்கு என்று காட்டியபோது உள்ளே நுழைந்தேன். அங்கிருந்தவர் "மூடுகிற நேரம்" என்று புன்னகையோடு சொல்லி, அரை மணியில் வெளியே அனுப்பிவிட்டார். அந்த நேரத்தைப் பூங்காவில் காட்டெருமைகளைப் பார்ப்பதில் செலவிடுங்கள். குறைந்தபட்சம் அவை அசல்.


மண்டிக்கடை மகன் எழுதியது:

சகோதரி, நான் வில்லிஸ்டனில் நான்கரை ஆண்டுகள் இருந்தேன், எண்ணெய்க் கிணற்று வேலை. அந்தக் கோட்டை அங்கிருந்து இருபத்தைந்து மைல்தான். பதினொரு முறை போயிருக்கிறேன். அந்த ஊரில் வேறு போக்கிடம் இல்லாததும் ஒரு காரணம், மறைக்கவில்லை.

முதலில் சாலைப்பித்தனுக்கு ஒரு வார்த்தை. உங்களை ஏமாற்றியது கோட்டை இல்லை, கைபேசி. கார் நிறுத்துகிற இடம் மொன்டானாவில் இருக்கிறது, கோட்டை வடக்கு டக்கோட்டாவில். மாநில எல்லை இரண்டுக்கும் நடுவே போகிறது. மொன்டானாவில் மலை நேரம், கோட்டையில் மத்திய நேரம். காரிலிருந்து இறங்கி வாசலுக்கு நடப்பதற்குள் ஒரு மணி நேரம் கழிந்துவிடும். நீங்கள் நான்கு மணிக்குப் போகவில்லை, ஐந்து மணிக்குப் போயிருக்கிறீர்கள். சகோதரி, மெடோராவும் மலை நேரம்தான். அங்கே ஒன்பதுக்குக் கிளம்பினால் இங்கே வந்து சேரும்போது கடிகாரத்தில் பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். இதை வீட்டுக்காரரிடம் சொல்லி வையுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோட்டை என்ற பெயரை நம்பிப் போகிறவர்கள்தான் சலித்துத் திரும்புகிறார்கள். அது கோட்டை இல்லை, கடை. பழங்குடியினரிடம் சரக்கைக் கொடுத்து விலங்குத் தோல் வாங்கிய ஜான் ஜேக்கப் ஆஸ்டரின் அமெரிக்கன் ஃபர் கம்பெனி 1828இல் தொடங்கிய கடை. மிசூரி ஆறும் யெல்லோஸ்டோன் ஆறும் கூடுகிற இடத்துக்குப் பக்கத்தில் கடை போட்டால், மேலே இருக்கிற மக்கள் எல்லோரும் ஆற்றோடு வந்து சேர்வார்கள் என்ற கணக்கு. அந்தப் பக்கத்துப் பழங்குடியினரான அசினிபோயின் மக்களே தங்களுக்கு ஒரு கடை வேண்டும் என்று கேட்டார்கள் என்றும் சொல்வார்கள். 220க்கு 240 அடி இடம், ஒன்றேகால் ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. நான்கு பக்கமும் மரச்சுவர், எதிரெதிர் மூலைகளில் இரண்டு கல் கொத்தளங்கள். சுவர் போர் செய்வதற்கு அல்ல, சரக்கைக் காப்பதற்கு. ராணுவம் பின்னால்தான் வந்தது. நம் ஊர் மண்டிகளில் சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருப்பார்களே, அந்த வகை.

புது மரம் என்கிற குறைக்கும் காரணம் உண்டு. 1867இல் ராணுவம் இதை விலைக்கு வாங்கிப் பிரித்து, இரண்டு மைல் கிழக்கே ஃபோர்ட் பியூஃபோர்டைக் கட்ட மரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்தது மண்ணுக்குள் இருந்த அடித்தளம்தான். அதைத் தோண்டி அளவெடுத்தார்கள். 1851இல் இங்கே குமாஸ்தாவாக வந்து சேர்ந்த ருடால்ஃப் ஃபிரீட்ரிஷ் குர்ட்ஸ் என்ற சுவிஸ் ஓவியர் கோட்டையைப் பக்கம் பக்கமாக வரைந்து வைத்திருந்தார். அந்தப் படங்களையும் வைத்துக்கொண்டு 1985 முதல் 1991 வரை எழுப்பியதுதான் இப்போது நிற்கிறது. மரம் புதிது, அளவு பழையது.

போனதும் நேராக நடுமுற்றத்துக்குப் போகாதீர்கள். பெரிய வாசலுக்குள் நுழைந்தால் உள்ளே இன்னொரு வாசல் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் வணிக வீட்டின் கதவு. உள்வாசலைச் சாத்திவிட்டால், வருகிறவர் அந்த அறைக்குள் மட்டும் வந்து வியாபாரம் பேசிவிட்டு அப்படியே திரும்பலாம், முற்றத்தில் கால் வைக்க முடியாது. இதைக் கட்டியவன் வியாபாரி என்பது அந்த ஒரு கதவிலேயே தெரிந்துவிடும். அந்த அறையில் வாடிக்கையாளர் நிற்கிற பக்கத்தில் நின்று பாருங்கள். எல்லோரும் கடைக்காரன் பக்கமாகப் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அங்கே நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது அழைத்துப் போனேன். அவருக்கு அப்போது எழுபத்துநான்கு. விருதுநகரில் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்தவர். ஒரு கை வற்றலை அள்ளிக் காதருகே குலுக்கி, உள்ளே விதை ஆடுகிற ஓசையை வைத்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். ஆங்கிலம் நான்கு சொல் தெரியும், அதில் இரண்டு லாரி சம்பந்தப்பட்டவை.

கல்லாப்பலகைக்குப் பின்னால் அந்தக் காலத்துக் குமாஸ்தா உடையில் ஒரு பூங்காப் பணியாளர் நின்றிருந்தார். பின்சுவர் முழுக்கச் சரக்கு: கோடு போட்ட கம்பளி, கெட்டில், கத்தி, துப்பாக்கி, சுருட்டிய புகையிலை, சரம் சரமாகக் கண்ணாடி மணி. அப்பா முதலில் கம்பளியை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார். பிறகு ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தைக் காட்டி "இது என்ன?" என்றார். சீனத்திலிருந்து வந்த சிவப்புப் பொடி, முகத்தில் பூச வாங்குவார்கள் என்று அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "சாதிலிங்கம்டா!" என்று அப்பா சிரித்தார். "மருந்துக் கடையில் இப்படித்தான் மடித்துக் கொடுப்பார்கள்." வெனிஸில் செய்த மணி, இங்கிலாந்தில் நெய்த துணி, சீனத்துச் சாதிலிங்கம் எல்லாம் செயின்ட் லூயிஸ் வந்து, அங்கிருந்து ஆற்றோடு சுமார் 1,800 மைல் ஏறி இந்தப் பலகைக்கு வந்திருக்கின்றன. தொடக்கத்தில் கரையிலிருந்து கயிறு கட்டி ஆட்கள் இழுத்த படகில். 1832இல்தான் யெல்லோ ஸ்டோன் என்ற நீராவிப் படகு முதன்முதலாக இதுவரை வந்தது. மார்ச் கடைசியில் கிளம்பிய படகு ஜூனில் வந்து சேர்ந்தது. அதையே வேகம் என்று கொண்டாடினார்கள்.

அப்பா அடுத்துப் பலகை மேல் கிடந்த காட்டெருமைத் தோலைப் புரட்டினார். காட்டெருமை என்றால் நம் முதுமலைப் பக்கத்தது இல்லை, பைசன். உரோமத்தோடு பதனிட்ட முழுத்தோல், இரண்டு பேர் போர்த்திக்கொள்ளலாம். உரோமப் பக்கத்தை எல்லோரும் தடவுவார்கள். அப்பா உள்பக்கத்தைப் பார்த்தார். நடுமுதுகில் தலையிலிருந்து வால்வரை ஒரு தையல் ஓடியிருந்தது. உடனே முகம் மாறிவிட்டது. "ஒட்டுப்போட்ட சரக்கு. இதற்கு முழு விலை கொடுத்தானா?" என்று கேட்கச் சொன்னார்.

கேட்டேன். அந்த மனிதருக்கு அப்படியொரு மகிழ்ச்சி. இத்தனை பேர் வருகிறார்கள், இதை யாரும் கேட்பதில்லை என்றார். பச்சைத்தோல் ஒரு பெண் தனியாகப் புரட்ட முடியாத கனம். அதனால் நடுவே இரண்டாகக் கிழித்து, பாதி பாதியாகச் சுரண்டி, மூளையைப் பூசி, இழுத்துக் காயவைத்து, கை ஓயும்வரை தேய்த்து மெதுவாக்கி, கடைசியில் நரம்பிழையால் திரும்பச் சேர்த்துத் தைப்பார்களாம். ஒரு தோலுக்குப் பல நாள் உழைப்பு. நம் திண்டுக்கல் பக்கம் ஆவாரம்பட்டை, அங்கே மூளை. வேட்டையாடியது ஆண், கொண்டுவந்து விலை பேசியதும் பெரும்பாலும் ஆண், விலை பெறுகிற பொருளாக ஆக்கியது அந்தப் பெண்ணின் தோள்பட்டை. அப்பா தையலைக் கட்டைவிரலால் ஒருமுறை நீவிவிட்டு, "அப்படியானால் இது முதல் தரம்" என்றார்.

பிறகு அந்த இருவருக்கும் என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சமவெளி மக்கள் பல மொழிக்காரர்கள் என்பதால் கைச்சைகையாலேயே வியாபாரம் பேசினார்கள் என்று அவர் சில சைகைகளைச் செய்து காட்டினார். அப்பா சும்மா இருப்பாரா? தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கை மேலும் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து மாட்டுச்சந்தை விலை பேசிக் காட்டினார். அளவுக் குவளையில் சர்க்கரை அளக்கும்போது கட்டைவிரலை உள்ளே விட்டு அளப்பதையும் செய்தார். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதே விரலைத் தானும் அதே குவளைக்குள் விட்டுக் காட்டினார். ஒன்றரை மணி நேரம் அந்த ஓர் அறையிலேயே போயிற்று.

வியாபாரம் எவ்வளவு பெரிது தெரியுமா? ஆண்டுக்கு 25,000க்கும் மேல் இப்படிப்பட்ட தோல்கள் இங்கிருந்து கீழே போயின. பத்துத் தோலை ஒரு கட்டாக அழுத்திக் கட்டி அனுப்புவார்கள். முதலில் நீரில் வாழும் கொறிவிலங்கான பீவரின் தோல்தான் பெரிய சரக்கு, அதன் மென்மயிரில் தொப்பி செய்வார்கள். பட்டுத் தொப்பி நாகரிகம் வந்ததும் அது படுத்துவிட்டது. இவர்கள் காட்டெருமைத் தோலுக்கு மாறிக்கொண்டார்கள்.

அருங்காட்சியகம் இருப்பது முற்றத்தின் எதிர்ப்பக்கம், கடைத்தலைவர் குடியிருந்த வீட்டில். வெளியே அந்தக் காலம், உள்ளே இந்தக் காலம்: காட்சிப் பெட்டிகள், புத்தகக் கடை, கழிவறை. பெட்டிகளில் இருப்பவை இங்கே தோண்டியெடுத்தவை: மணி, களிமண் புகைக்குழாய்த் துண்டு, பூட்டு, பீங்கான். ஆமாம், உடைந்த சட்டியும் உண்டு. உங்கள் மாமனாரை அங்கே முதலில் அழைத்துப் போகாதீர்கள். ஆனால் வீட்டின் பெயரைச் சொல்லுங்கள். கடைத்தலைவருக்குப் பிரெஞ்சுக்காரப் படகாட்கள் வைத்த பட்டம் பூர்ஷ்வா. ஆமாம், உங்கள் மாமனார் மேடைகளில் கேட்டும் பேசியும் பழகிய அதே பூர்ஷ்வா, முதலாளி! அந்த வீட்டுக்குப் பூர்ஷ்வா வீடு என்றே பெயர். அப்பட்டமாகப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதல் பூர்ஷ்வா கென்னத் மெக்கன்சி ஒரு கதை. பழங்குடி நிலத்துக்குள் சாராயம் கொண்டுபோகக் கூடாது என்று 1832இல் சட்டம் வந்தது. கொண்டுவரத்தானே கூடாது, இங்கேயே காய்ச்சினால் என்ன என்று, மனிதர் வடிகலத்தைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்து மாண்டான் என்ற பழங்குடி மக்களின் மக்காச்சோளத்தை வாங்கிக் காய்ச்சத் தொடங்கினார். 1833இல் அந்த வழியாக வந்த நத்தானியேல் வையத் என்ற போட்டி வியாபாரி அதைப் பார்த்துவிட்டு, கீழே போய் ராணுவத்திடம் சொல்லிவிட்டார். ரெட் ரிவர் குடியிருப்பில் இருக்கும் நண்பருக்காகக் கொண்டுவந்த கருவி அது, காட்டுப் பழங்களில் சோதனை செய்து பார்த்தோம், அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. 1834இல் மெக்கன்சி இடத்தைக் காலி செய்தார். மண்டியில் வளர்ந்தவன் நான், இதைவிட மோசமான சமாதானங்களை விற்பனை வரி அதிகாரியிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சாப்பாட்டுக்குக் கட்டிக்கொண்டு போய்விடுங்கள், அங்கே எதுவும் கிடைக்காது. நுழைவுக் கட்டணம் இல்லை. தரை சமமானது, மாமியாருக்குச் சிரமம் இருக்காது, வாகன நிறுத்தத்திலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும் என்பதுதான். ஜூலையில் கொசு பிய்த்தெடுக்கும், முழுக்கைச் சட்டை அவசியம். ஜூனில் போயிருந்தால் ரான்டெவூ திருவிழா பார்த்திருக்கலாம், கூடாரம் போட்டு அந்தக் கால உடையில் நூற்றுக்கணக்கில் வருவார்கள். வடக்கே குன்றின் மேல் போட்மர் ஓவர்லுக் என்ற இடம் இருக்கிறது. 1833இல் ஜெர்மன் இளவரசர் மாக்ஸிமிலியனோடு வந்த ஓவியர் கார்ல் போட்மர் கோட்டையை வரைந்த கோணம். போகவர ஏறக்குறைய இரண்டு மைல். மகளும் நீங்களும் போங்கள், பெரியவர்கள் நிழலில் இருக்கட்டும். ஆறு முன்பு கோட்டைக் காலடியிலேயே ஓடியது, இப்போது தள்ளிப் போய்விட்டது. இரண்டு ஆறும் கூடுவதைப் பார்க்க ஃபோர்ட் பியூஃபோர்ட் பக்கத்தில் தனி மையம் இருக்கிறது, காரில் சில நிமிடம். வில்லிஸ்டன் வழியாகப் போனால் நீங்கள் போகிற சாலையின் எண் 1804, லூயிஸ், கிளார்க் இந்த ஆற்றில் ஏறிய ஆண்டு. திரும்பிய ஆண்டின் பெயரில் 1806ஆம் எண் சாலையும் உண்டு. மகளைக் கேள்வி கேட்டுப் பாருங்கள்.


ரெஜைனாவாசி எழுதியது:

மண்டிக்கடை அண்ணன் எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனால் கடை, சரக்கு, சிரிப்பு என்று முடித்துவிட்டால் எனக்கு ஒப்பவில்லை. அந்த வாசலில் 1837இல் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு ஜூனில் செயின்ட் பீட்டர்ஸ் என்ற கம்பெனிப் படகு சரக்கோடு பெரியம்மையையும் கொண்டுவந்தது. கடைப் பொறுப்பை ஏற்க வந்த ஜேக்கப் ஹால்சிக்கே படகில் அம்மை கண்டிருந்தது. கோட்டைக்குள் இருந்தவர்கள் ஒரு மருத்துவப் புத்தகத்தைப் பார்த்து, அவருடைய கொப்புளத்திலிருந்து எடுத்ததையே மற்றவர்களுக்குக் குத்தினார்கள். குத்தப்பட்டவர்களில் பலர் அங்கே குடும்பம் நடத்திய பழங்குடிப் பெண்கள். பசு அம்மைப் பால் அல்ல, பெரியம்மையின் சீழ். என்ன ஆயிற்று என்பதை அங்கே குமாஸ்தாவாக இருந்த சார்ல்ஸ் லார்பன்டூர் எழுதி வைத்திருக்கிறார், படிக்க நெஞ்சு வேண்டும். வியாபாரத்துக்கு வந்த அசினிபோயின்களை வராதே என்று தடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அவர்கள் நோயோடு திரும்பினார்கள். கீழே மாண்டான் ஊர்களில் மிஞ்சியவர்களை எண்ணிவிடலாம் என்ற நிலை.

அண்ணன் சொன்ன அந்தத் தோல் தைத்த பெண்களின் பேத்திகள் இன்றும் இருக்கிறார்கள். மேற்கே ஃபோர்ட் பெக் குடியிருப்பில் அசினிபோயின், தென்கிழக்கே ஃபோர்ட் பெர்த்தோல்டில் மாண்டான், ஹிடாட்சா, அரிகாரா. நேரம் இருந்தால் நியூ டவுனில் அந்த மூன்று இனத்தாரும் தாங்களே நடத்தும் அருங்காட்சியகத்துக்கும் போங்கள். கல்லாப்பலகையின் இந்தப் பக்கத்தில் நின்றவர்கள் சொல்கிற கதை அங்கேதான் கிடைக்கும்.


மண்டிக்கடை மகன் எழுதியது:

தம்பி சொல்வது சரி. விட்டது என் தவறு. அப்பாவுக்கும் அதைச் சொல்லாமல்தான் அழைத்து வந்தேன், அவருடைய அத்தை ஒருவர் பெரியம்மையில் போனவர். குழந்தைக்கு எவ்வளவு சொல்வது என்பதைச் சகோதரி முடிவு செய்யட்டும்.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. மாமனார் தொழிற்சங்கக்காரர் என்பதால் சொல்கிறேன். படகு இழுத்தவர்களும் மரம் வெட்டியவர்களும் ஆண்டு ஒப்பந்தத்தில் வந்த கூலிகள். துணி, புகையிலை எல்லாம் கம்பெனிக் கடையிலேயே, கம்பெனி வைத்த விலைக்கு வாங்க வேண்டும். ஆண்டு முடிவில் சம்பளத்தைவிடக் கடன் பெரிதாக நின்றவர்களும் உண்டு. தேயிலைத் தோட்டத்துக் கங்காணி கடை ஞாபகம் வந்தது எனக்கு.


மினியாபோலிஸ் மீனா எழுதியது:

போய் வந்துவிட்டோம். எழுதுவதாகச் சொல்லவில்லை, ஆனால் இவ்வளவு சொன்ன உங்களுக்கு எழுதாமல் இருப்பது நன்றாக இருக்காது.

அண்ணா, உங்கள் அப்பாவைப் போல நாங்கள் ஒன்றரை மணி நேரம் அந்த அறையில் இருக்கவில்லை. அன்று பலகைக்குப் பின்னால் இருந்தவர் ஒரு கல்லூரிப் பெண், கோடை வேலைக்கு வந்தவர் போலிருக்கிறது. ஆனால் தோலைப் புரட்டிக் காட்டச் சொல்லிக் கேட்டேன். தையல் இருந்தது. என் மாமியார் முட்டிவலியை மறந்து குனிந்து, ஒரு சாணுக்கு எத்தனை தையல் என்று எண்ணினார். அவர் நாற்பது ஆண்டு வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருந்தவர். "கையால் இவ்வளவு நெருக்கமாகவா?" என்று அந்தப் பெண்ணிடம் தமிழிலேயே கேட்டார். அவரும் எதையோ புரிந்துகொண்டு தலையாட்டினார்.

மகளிடம் அம்மை பற்றிச் சொன்னேன். "மருந்து என்று நினைத்துத்தான் குத்தினார்களா அம்மா?" என்று இரண்டு முறை கேட்டாள். அதற்குப் பிறகு காட்சிப் பெட்டியில் இருந்த நீல மணிகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். நியூ டவுனுக்கு இந்த முறை போக முடியவில்லை. கணவர் சினிமா செட் என்று சொன்னதைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் கொத்தளத்துக்குள் போனவரைக் கூப்பிட்டு அழைத்துவர வேண்டியிருந்தது. கொசு நீங்கள் சொன்னதைவிட அதிகம்.

மாமனாரிடம் காரிலேயே பூர்ஷ்வா வீடு பற்றிச் சொல்லிவிட்டேன். நம்பவில்லை. பலகையைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான் சிரித்தார். உள்ளே ரேஞ்சரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இங்கே வேலை பார்த்தவனுக்கு என்ன கூலி, இவனுக்கு என்ன லாபம்?" ரேஞ்சர் ஒரு பெரிய புத்தகத்தை எடுத்துவந்து கால் மணி நேரம் விளக்கினார், நான் மொழிபெயர்த்தேன். மாமனார் எல்லாவற்றையும் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எங்களிடம் இன்னும் காட்டவில்லை, ஊருக்குப் போய்க் கூட்டத்தில் பேசப் போகிறாராம். வெளியே வந்து அந்த வீட்டு வாசற்படியில், கையை உயர்த்தி, முழக்கம் போடுகிற தோரணையில் ஒரு படம் எடுக்கச் சொன்னார். எடுத்தோம்.

நேர விஷயத்தில் மட்டும் எச்சரித்தும் குழம்பினோம். பசியோடு கோட்டையைவிட்டுக் கிளம்பியபோது மணி ஒன்று. காருக்கு வந்தபோது என் கைபேசியில் பன்னிரண்டு ஐந்து. மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் இன்னும் சாப்பாட்டு நேரம் ஆகவில்லை" என்று புளியோதரைத் தூக்கைத் திரும்ப மூடிவிட்டார்.